ஹைஸ்கூலும் ஊராரின் கடமையும்



கிராமப் புனருத்தாரணம் என்றால் கிணறு, சாலை, விதை, எரு, கால்நடை முதலியவற்றைப் பற்றிய வேலை என்றே பெரும்பாலோர் எண்ணுவது வழக்கம். இவை யாவும் அவசியமானவையே. ஆனால் நல்ல விதையைத் தேடி வாங்கி, நிலத்தைப் பண்படுத்தி, நாற்று விட்டு, நட்டு, களையும் எடுத்த குடியானவன், கதிர் வாங்கும் தறுவாயில் தண்ணீர் பாய்ச்சாமல் விட்டுவிட்டால் அவனை என்னவென்று சொல்வது? அதுவரையில் பட்ட பாடெல்லாம் வீணாகுமல்லவா? எட்டு வருஷம் பள்ளிக்கு அனுப்பிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நிறுத்திவிடும் ஊரும் அக்குடியானவனைப் போன்றதே.

சேலம், நாமக்கல் சமவெளியிலுள்ள ஹைஸ்கூல் மாணாக்கர்களைப் பற்றியும், அவர்கள் படிப்பை முடிக்கும்வரையில் ஊரார் அவர்களைத் தாங்கவேண்டிய விதத்தைப் பற்றியுமே இப்பேச்சு. நாமக்கல் 1997-ஆம் வருஷம் ஜனவரி மாதத்திலிருந்து தனி ஜில்லாவாக இருந்துவருகிறது. ஆயினும் இவ்விரு ஜில்லாக்களின் சமவெளிக் கிராமங்கள் தொழிலிலும் வழக்கத்திலும் பெரும்பாலும் ஒன்றுபோலவே உள்ளன. ஆகையால் அவற்றைச் சேர்த்தே பேசுதல் பொருந்தும்.

பள்ளிப் பற்று என்பது யாது?

விளையாட்டு விழா நாளில் கொடி கட்டி ஆர்ப்பரிப்பதையும், பந்தயத்தில் வென்ற கோப்பையை ஏந்திக்கொண்டு தெருவழியே வருவதையும் பள்ளிப் பற்று என்று மாணாக்கர்கள் கருதுகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. தன் பள்ளியின் பெயர் உயரவேண்டுமென்று ஒரு பிள்ளை விரும்புவது நல்ல குணமே. ஆனால் விழா வருஷத்திற்கு ஒருமுறை வருவது. பள்ளிப் பற்றுக்குத் தினந்தோறும் வேறொரு பரீட்சை இருக்கிறது. ஒரு மாணாக்கன் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வகுப்புக்கு வரவில்லை. அவனுடைய இடம் காலியாயிருக்கிறது. அதை யார் கவனிக்கிறார்கள்? பக்கத்தில் உட்காரும் மாணாக்கன் அவன் வீட்டிற்குப் போய் விசாரிக்கிறானா? உபாத்தியாயர் அவனுடைய பெற்றோரை அழைத்துப் பேசுகிறாரா? தெருவிலுள்ள பெரியவர்கள், "பள்ளிக்கூட நேரத்தில் இங்கே என்ன வேலை?" என்று கேட்கிறார்களா? இவ்வாறு கேட்போர் உள்ள இடத்தில்தான் பள்ளிப் பற்று உண்மையாக இருக்கிறது.

பெரியவடகம்பட்டி காட்டும் வழி

இதற்குத் தூரதேசத்து உதாரணம் தேடவேண்டியதில்லை. சேலம் ஜில்லாவில் பெரியவடகம்பட்டி என்ற கிராமம் இருக்கிறது. அவ்வூர்ச் சிறுவன் மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து செல்கையில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போயிற்று. தாயார் கூலிவேலை செய்தும் காய்கறி விற்றும் குடும்பத்தைக் காப்பாற்றினார். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டோடு இருக்கவைத்துவிடுவது எளிது. பள்ளியில் சேர்த்தாலும் விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் உட்காரவைப்பது அதனினும் எளிது. அவ்வாறு நடக்கவில்லை. அவர் மற்றப் பிள்ளைகளோடு கைப்பந்து ஆடினார். அதைக் கவனித்த தேகப்பயிற்சி ஆசிரியர், உயரம் தாண்டிப் பார்க்கும்படி அவரைத் தூண்டினார். பதினான்காம் வயதில், அங்கக் குறைவில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவதாக வந்தார். அதன் பின்னர் வகுப்புத் தோழர்களும் ஊராரும் அவருக்கு மிகுந்த உற்சாகம் அளித்தனர்.

அதன் பலனை உலகம் கண்டது. 2016-ஆம் வருஷம் ரியோ நகரில் நடந்த பாராலிம்பிக் பந்தயத்தில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கப்பதக்கம் பெற்றார். டோக்கியோவில் 2021-இல் வெள்ளியும், பாரிஸில் 2024-இல் வெண்கலமும் அவருக்குக் கிடைத்தன. ரியோவில் வென்றவுடன், பரிசாக வந்த தொகையிலிருந்து 30 லட்சம் ரூபாயைத் தாம் படித்த பள்ளிக்கு அளிக்கப்போவதாக அவர் அறிவித்தார் என்று பத்திரிகைகள் எழுதின. பதக்கத்தைக்காட்டிலும் இச்செய்தியில் படிப்பினை அதிகம் இருக்கிறது. தன்னைத் தாங்கிய பள்ளியைத் தான் தாங்கவேண்டும் என்ற எண்ணம் புத்தகத்தைப் பார்த்து வருவதன்று. தாங்கப்பட்ட அனுபவத்தால் வருவது.

அதே ஜில்லாவில் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன், விசைத்தறித் தொழிலாளியின் மகன். 2020-ஆம் வருஷக் கடைசியில் ஆஸ்திரேலியாவில் இந்திய கிரிக்கெட் கோஷ்டியில் ஆடத் தொடங்கியவர். 2023-இல் அவர் தம் ஊரிலேயே கிராமத்துப் பிள்ளைகளுக்காகக் கிரிக்கெட் மைதானம் ஒன்றை ஏற்படுத்தினார். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் பெறப்போவதில்லை. ஆனால் ஓர் ஆசிரியரின் கண்ணும் ஊராரின் உற்சாகமும் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வேண்டியவை என்பதை இவ்விரு கிராமங்களும் விளக்குகின்றன.

ஊரார் பள்ளியைத் தாங்கிய வரலாறு

ஊரார் கல்வியைத் தாங்குவது இந்நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. பாரமகாலில் 1792 முதல் 1799 வரையில் உத்தியோகம் பார்த்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னைக் கவர்னரானபோது, ராஜதானியிலுள்ள பள்ளிகளை எண்ணும்படி 1822-இல் உத்தரவிட்டார். வந்த கணக்குகளைக்கொண்டு 1826-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் அவர் எழுதிய குறிப்பில், 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகளும், அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்ததாகக் கண்டிருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அவற்றில் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். பிள்ளைகளின் வீட்டார் கொடுத்த சிறு தொகையையும் தானியத்தையும் கொண்டே உபாத்தியாயர் ஜீவனம் செய்தார்.

அக்காலத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடுவதும் சரியன்று. அப்பள்ளிகளில் பெண்குழந்தைகள் மிகச் சிலரே படித்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகளுக்குப் பல இடங்களில் திண்ணையில் இடமே கிடையாது. ஊரார் தாங்கினார்கள் என்பது மெய். ஆனால் ஊரில் ஒரு பகுதியாரின் பிள்ளைகளை மட்டுமே தாங்கினார்கள். எல்லாருடைய பிள்ளையும் ஊர்ப்பிள்ளையே என்ற எண்ணம் வருவதற்கு இன்னும் நெடுங்காலம் சென்றது.

அவ்வெண்ணத்திற்கு உருவங்கொடுத்த முயற்சி காமராஜர் முதன்மந்திரியாயிருந்த காலத்தில் நடந்தது. 1956-இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊராரின் நன்கொடையை நம்பியே எழுந்தது. பிறகு செலவில் ஒரு பங்கைச் சர்க்காரும் மற்றொரு பங்கை ஊராரும் ஏற்றனர். கல்வி இலாகாவின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு, 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மகாநாடுகளை ஊர்தோறும் கூட்டினார். நிலமுள்ளவர் நிலம் கொடுத்தார். கொத்தனார் கூலியின்றிச் சுவர் எழுப்பினார். தச்சர் பெஞ்சு செய்து தந்தார். வியாபாரி கரும்பலகையும் கடிகாரமும் வாங்கிக் கொடுத்தார். தன் கையால் ஒரு செங்கல்லாவது வைத்தவன் அப்பள்ளியை வேற்றார் சொத்தாக நினைக்கமாட்டான் என்பதே அம்மகாநாடுகளின் உட்கருத்து. 1982-ஆம் வருஷம் ஜூலை 1-ஆம் தேதி எம். ஜி. ராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984-இல் அதைப் பதினைந்து வயது வரையில் நீட்டினார். இதனால் ஹைஸ்கூல் பிள்ளைகளும் பயனடைந்தனர்.

சட்டம் நிற்கும் இடம்

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரையிலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டாம் வகுப்பு முடிய இலவசக் கல்வி பெறும் உரிமையை அது கொடுத்தது. ஒவ்வொரு பள்ளியிலும் நிர்வாகக் குழு அமையவேண்டும் என்றும், அதில் முக்காற்பங்கினர் பெற்றோராயிருக்கவேண்டும் என்றும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாயிருக்கவேண்டும் என்றும் விதித்தது. தமிழ்நாட்டு அரசு 2022-இல் இக்குழுக்களைத் திருத்தியமைத்தது; 2024-இல் பழைய மாணாக்கர்களுக்கும் அவற்றில் இடமளித்தது.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மேற்படி சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் காலடி வைக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய பதினான்கு வயதாகிறது. அதே வயதில்தான், "இவன் கைக்கு வேலை வந்துவிட்டது" என்று வீட்டாரும் நினைக்கத் தொடங்குகிறார்கள். சட்டம் விடுகிற இடமும், கூலி பிடித்துக்கொள்கிற இடமும் ஒன்றாக அமைந்திருப்பதால், ஹைஸ்கூலின் முதல் இரண்டு வருஷங்கள் வரப்பில்லாத வயலைப்போல் ஆகின்றன. ஊரார் வரப்புக் கட்டவேண்டிய இடம் இதுதான்.

பிள்ளைகள் நழுவும் விதம்

இந்தச் சமவெளியில் வேலைக்குக் குறைவில்லை. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கங்களில் விசைத்தறி; திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி; நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் கோழிப்பண்ணையும்; சேலத்தைச் சுற்றிலும் குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ பாக்டரி; சேலம் நகரில் வெள்ளிக் கொலுசு வேலை. இத்தொழில்கள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றைக் குறைகூறுவதற்கு இடமில்லை. ஆனால் இவற்றின் வேகத்தில் பள்ளிப் பிள்ளை இழுபட்டுப் போகும் விதத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

முன்பணம் வாங்கிய தறிக் குடும்பத்தில் தகப்பனுக்குக் காய்ச்சல் கண்டால், ஒரு வாரத்திற்கு மகனோ மகளோ நூல் சுற்ற நிற்கவேண்டியதாகிறது. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகும் குடும்பங்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு போய்விடுகின்றன. கோடை விடுமுறையில் ரிக் வண்டியோடு வடக்கே போன பையன் கையில் காசு பார்த்துவிட்டு, ஜூன் மாதம் திரும்பிவர மனமில்லாமல் நின்றுவிடுகிறான். பெண்பிள்ளையானால், பஸ் இல்லாத வழியும், கழிப்பிடம் சரியில்லாத பள்ளியும், "நல்ல இடம் வந்திருக்கிறது" என்ற பேச்சும் தடைகளாகின்றன.

ஒரே நாளில் எந்தப் பிள்ளையும் பள்ளியை விட்டுவிடுவதில்லை. முதலில் ஒரு வாரம் தவறுகிறது. அந்த வாரத்தில் நடந்த கணக்குப் பாடம் புரியாமற் போகிறது. புரியாததால் வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனியவேண்டியிருக்கிறது. வெட்கத்தினால் அடுத்த வாரம் இரண்டு நாள் போகாமலிருக்கிறான். பரீட்சை வரும்போது பயம் சேர்ந்துகொள்கிறது. பிறகு, "படிப்பு ஏறவில்லை" என்று வீட்டாரும், "அக்கறையில்லை" என்று பள்ளியாரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தவறிய முதல் வாரத்தில் ஒருவர் வீடு தேடிச் சென்றிருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது. நோயை முதல் நாளே கண்டால் கஷாயத்தில் தீரும். முற்றவிட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும்.

ஊரார் செய்யத்தக்கவை

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. முதலாவது, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருகை விசாரணை. தெருவுக்கு இருவராக, அவர்களில் ஒருவர் பெண்மணியாக, பொறுப்பேற்கலாம். மூன்று நாள் வராத பிள்ளையின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, அன்று மாலையே வீட்டிற்குச் சென்று காரணம் அறியவேண்டும். அதட்டுவதற்காகப் போகலாகாது, உதவி யாதென்று கேட்பதற்காகப் போகவேண்டும்.

இரண்டாவது, இரவுப் படிப்பிடம். ஒரே அறையில் தறி ஓடும் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்ஙனம் படிப்பான்? பஞ்சாயத்துக் கட்டடம், சமுதாயக்கூடம், நூலகம், கோயில் மண்டபம், இவற்றுள் ஏதேனும் ஒன்றை இரவு எட்டரை மணி வரையில் விளக்கோடு திறந்துவைக்கலாம். கல்லூரியில் படிக்கும் ஊர்ப்பிள்ளைகள் முறைவைத்து உட்கார்ந்து கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தரலாம். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டார் சுண்டலோ கடலையோ கொடுத்தால் போதும். பெண்பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பையும் ஏற்றாலன்றி இவ்வேற்பாடு பாதிப் பிள்ளைகளுக்கே பயன்படும்.

மூன்றாவது, இடம்பெயரும் குடும்பங்கள். கரும்பு வெட்டுக்கோ சூளைக்கோ புறப்படுமுன் அக்குடும்பத்தின் பிள்ளையைச் சர்க்கார் மாணவர் விடுதியில் சேர்க்க முயலவேண்டும். அல்லது பாட்டி வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ நிறுத்தவேண்டும். முன்பணத்திற்காகப் பிள்ளையின் உழைப்பைக் கேட்பது எந்த முதலாளிக்கும் தகாது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளை வேலைக்கு வைப்பதையும், பதினெட்டு வயது வரையிலுள்ளவர்களை அபாயகரமான தொழிலில் வைப்பதையும் தடுக்கிறது. பெண்ணுக்குப் பதினெட்டு வயதுக்கு முன் விவாகம் செய்வதை 2006-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. இத்தகைய சங்கதி தெரிந்தால், எவரும் 1098 என்ற குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணில் தெரிவிக்கலாம்.

நான்காவது, தவறிய பிள்ளை. பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறியவுடன் வாழ்க்கையே முடிந்ததாக நினைத்து வேலைக்கு அனுப்பிவிடும் வழக்கம் இருக்கிறது. முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறினால் அவ்வருஷமே பதினோராம் வகுப்பிலோ, ஐ.டி.ஐ.யிலோ சேரலாம். முதலிடம் பெற்ற பிள்ளைக்கு மாலை போடும் கூட்டத்தார், அன்றே தவறிய பிள்ளையின் வீட்டிற்கும் சென்று துணைத் தேர்வுக்கு மனுப்போட வைக்கவேண்டும். மேற்படிப்பு விவரங்களுக்கு 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்பிற்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகளுக்கு அதுபோன்ற திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அவை எட்டாக் கனி என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

மதிப்பெண்ணும் மானமும்

நாமக்கல் பிரதேசம் ஒரு காலத்தில் பரீட்சை முடிவுகளால் பெயர்பெற்று விளங்கிற்று. 1990-ஆம் வருஷங்களிலிருந்து இங்கு விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் பெருகின. தமிழ்நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பிள்ளைகள் மதிப்பெண்ணை நாடி வந்தனர். மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017-இல் நிறுத்திற்று. உழைத்துப் பெற்ற மதிப்பெண் பெருமைக்குரியதே, அதில் ஐயமில்லை. ஆயினும் முதலிடம் ஒருவருக்கே உரியது. ஒரு பள்ளியின் மானம் அதன் முதல் மாணாக்கனை மட்டும் பொறுத்திருந்தால், மற்றவர்களுக்கு அப்பள்ளியில் பாத்தியம் இல்லையென்றாகிவிடும். சேர்ந்தவர் எத்தனை பேர், முடித்து வெளியேறியவர் எத்தனை பேர் என்ற கணக்கே ஊராருக்குரிய கணக்கு. ஐம்பது பேர் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து ஐம்பது பேரும் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினால், அவ்வூரார் தலைநிமிர்ந்து நடக்கலாம்.

மாணாக்கர்களுக்கும் இதில் பங்குண்டு. வராத தோழனுக்காகக் குறிப்புகளை எழுதிவைத்தல், புதிதாக வந்தவனைத் தனியே உட்காரவிடாதிருத்தல், ஆட்டத்தில் திறமை குறைந்தவனையும் கோஷ்டியில் சேர்த்துக்கொள்ளுதல், ஜாதி சொல்லிப் பேசுவோனை அங்கேயே தடுத்தல் ஆகியவை கோப்பை வெல்வதினும் கடினமானவை. கையில் ஜாதிக்கயிறு கட்டிக்கொண்டு கோஷ்டி பிரிந்து நிற்கும் பள்ளியில் எத்தனை கொடி பறந்தாலும் பள்ளிப் பற்று இருப்பதாகச் சொல்லமுடியாது.

ஆகவே ஒவ்வொரு கிராமத்தாரும் ஒரே ஒரு காரியத்தை முதலில் மேற்கொள்ளட்டும். ஏப்ரல் மாதம் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஹைஸ்கூலுக்குச் சென்று ஒன்பதாம் வகுப்பு ஆஜர்ப் பட்டியோடு அதை ஒத்துப் பார்க்கட்டும். எந்தப் பெயர் அதில் இல்லையோ, அந்தப் பிள்ளையின் வீட்டுக் கதவை அன்று மாலை தட்டட்டும்.